மலைப்பாதையில் மரத்துப் போகும் விரல்கள்

மார்கழியும் தையும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பகுதி வியாபாரிகளுக்குச் சோதனைக் காலம். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவர்களும், லைன் வசூலுக்கு ஊர் ஊராகச் செல்கிறவர்களும் நம்மில் பலர் உண்டு. குளிரைப் பற்றிக் கேட்டால், "பழகிப் போச்சுங்க" என்பார்கள். உடம்பு பழகலாம், விரல்கள் பழகுவதில்லை.

நம் உறுப்பினர் ஒருவர் ஊட்டியிலிருந்து இறங்கும்போது, குன்னூருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் லாரி நின்றிருந்தது. முன் பிரேக்கைப் பிடிக்க நினைத்தார், விரல் மடங்கவில்லை. கால் பிரேக்கை மிதித்து, ஓரத்து மண்ணில் ஏற்றி எப்படியோ நிறுத்திவிட்டார். பிறகு டீக்கடையில் காசு கொடுத்தபோது, இரண்டு ரூபாய்த் தாள்கள் ஒட்டிக்கொண்டு போனது கூட அவர் விரலுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, டீக்கடைக்காரர் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாள் முழுவதும் நோட்டு எண்ணும் நமக்கு, இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் உறைபனிக் காலத்து விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை நெருங்குவது உண்டு. அதற்கு மேல் வண்டியின் வேகம் வேறு. 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், வெறுங்கைக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே உள்ள குளிராகவே படும். தோலை ஒட்டியுள்ள சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. உடம்பு குளிர்ந்தால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். உயிரைக் காப்பாற்ற, உடம்பு விரலைக் கைவிடுகிறது என்று சொல்லலாம்.

ஆகவே கையுறைக்கு முன் கவனிக்க வேண்டியது மார்புதான். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே நான்காக மடித்த நாளிதழ் ஒன்றை வைத்தால் காற்று உள்ளே வராது. பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பேப்பர் நம் கடையில் இல்லாமலா போகும்? அடுத்தது மணிக்கட்டு. அங்கே ரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே இடைவெளி விடக் கூடாது. பழைய சாக்ஸின் மேல்பகுதியை வெட்டி மாட்டிக்கொண்டாலே போதும்.

கம்பளிக் கையுறை சூட்டைப் பிடித்து வைக்கும், காற்றைத் தடுக்காது. எனவே அதற்கு மேல் காற்றுப் புகாத இன்னொரு உறை தேவை. முன்பெல்லாம் கேரி பையைக் கையில் சுற்றிக்கொண்டு போவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் அந்தப் பைக்குத் தடை. நம் கடைகளில் அது இருக்கவும் கூடாது. மழைக்கோட்டுத் துணியிலோ ரெக்ஸினிலோ தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். இறுக்கமாக மட்டும் தைக்காதீர்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, குளிர் அதிகமாகும். நனைந்த கையுறையோ வெறுங்கையைவிட மோசம். பனிமூட்டத்தில் போகிறவர்கள் பையில் ஒரு ஜோடி உபரியாக வைத்திருப்பது நல்லது.

வடநாட்டுக் குளிர் ஊர்களில் ஹேண்டில் பாரிலேயே பெரிய உறைகளை மாட்டி, அதற்குள் கையை விட்டு ஓட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பிரேக், கிளட்ச் கம்பிகளில் சிக்காமலும், ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்புவதைத் தடுக்காமலும் இருக்கிறதா என்று நின்ற வண்டியில் சோதித்த பிறகே புறப்பட வேண்டும். பிரேக் கம்பியின் இரும்பும் சூட்டை உறிஞ்சும். அதன் மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து விரல் மரத்துப் போனால், வண்டியை நிறுத்துங்கள். பத்து நிமிடம் தாமதமானால் மண்டி ஓடிவிடாது. கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். சைலன்ஸரில் கையை வைக்க வேண்டாம். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். கொதிக்கும் நீரிலும் விடக் கூடாது. சூடான டீ நல்லது. சிகரெட் ரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும். "குளிருக்கு ஒரு கட்டிங்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மது தோலுக்குச் சூடு வந்ததுபோல் காட்டி, உள்ளே உள்ள சூட்டை வெளியேற்றிவிடும். வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆகாது என்பது தனி விஷயம்.

விரலை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் வரை தடையின்றித் தொட முடிந்தால் மறுபடி புறப்படலாம். இறக்கத்தில் வண்டியைச் சிறிய கியரிலேயே விடுங்கள். பிரேக் பிடிக்கும் வேலை கைக்குக் குறையும்.