உஷார்! மேற்கோள் குறிக்குள் மாயவரம்

டெல்டா விவசாயிகளுக்கு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறீர்களா? சம்பா அறுவடை தொடங்குவதற்குள் உங்கள் புரோகிராமில் ‘நாகப்பட்டினம்’ என்று தேடிப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் நாலைந்து இடத்தில் நேரடியாக எழுதி வைத்திருந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது.

காரணம், மாவட்டமும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. அந்த மயிலாடுதுறையே முன்பு மாயூரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் மாயவரம். 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியானது, அதே மாதம் வாபஸும் ஆனது. (அதை நம்பி உடனே புரோகிராமை மாற்றியவர்கள் பாவம்!)

நெல்லில் குழப்பம் இன்னும் அதிகம். சி.ஆர்.1009-ஐப் பொன்மணி என்பார்கள், சாவித்திரி என்பார்கள். சி.ஆர்.1009 சப்1 வேறு ரகம். வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஒரு புரோகிராமர் ‘சிஆர்1009’ என்றும் இன்னொருவர் ‘சிஆர் 1009’ என்றும் அடித்தால் ஒப்பீடு பொய்யாகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. புரோகிராம் தவறான வழியில் போய், தவறான ஆலோசனையை விவசாயியின் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, எல்லாம் சரி என்பதுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழில் எழுதினால் இன்னொரு கண்ணி. ‘கொள்முதல்’ என்பதன் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு.

பெயர்களை ஒரே இடத்தில் ‘ஈனம்’ (enum) என்ற பெயர்ப் பட்டியலாகவோ, டைப்ஸ்கிரிப்டின் யூனியன் டைப்பாகவோ அறிவித்துவிடுங்கள். சி ஷார்ப்பில், புரோகிராமில் உள்ள பெயரையே எழுத்தாகத் தரும் ‘நேம்ஆஃப்’ (nameof) 2015 முதல் இருக்கிறது. எழுத்துப் பிழை விட்டால் கம்பைலர் அங்கேயே மறித்துவிடும், விவசாயி வரை போகாது. மாவட்டத்துக்கும் கிராமத்துக்கும் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு தனித்தனிக் குறியீட்டு எண் தருகிறது. அதைச் சாவியாக வையுங்கள். பெயர் வெறும் பலகை.

அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். டைப்ஸ்கிரிப்டின் வகைகள் புரோகிராம் ஓடும்போது இருப்பதில்லை. எக்செல்லில் வரும் கொள்முதல் பட்டியலை வாசலிலேயே சோதித்தாக வேண்டும். ஈனத்தின் உறுப்புப் பெயரை அப்படியே டேட்டாபேஸில் சேமித்தீர்களோ, பின்னால் யாரோ அதைத் திருத்திய அன்றே பழைய குறுவைக் கணக்கெல்லாம் அனாதை. எண்ணைச் சேமியுங்கள், அதுவும் நீங்களே கொடுத்த எண்ணை. வரிசைப்படி தானாக விழும் எண் என்றால், நடுவில் ஒரு புது ரகத்தை நுழைத்த மறுகணம் பொன்மணி வேறு நெல்லாகிவிடும்.