பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாத ஸ்பெஷல் கிளாஸ்

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் காலையில் விருதுநகர் மாவட்டத்துக்கு எத்தனையாவது இடம் என்பதுதான் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முதல் கேள்வி. தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் வகித்த மாவட்டம் இது. 2023-இல் 97.85 சதவீதத்தோடு அந்த இடத்தை மறுபடியும் பிடித்தது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், அன்றாடம் ஸ்லிப் டெஸ்ட், தேறுவது சந்தேகம் எனத் தோன்றும் பிள்ளைகளுக்குத் தனியாக ‘மினிமம் மெட்டீரியல்’ என்று ஆசிரியர்கள் படும் பாடு அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இதே விருதுநகரைத்தான் 2018-இல் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கியவற்றுக்கான ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலிலும் சேர்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆறாம் வகுப்புக்குள் நுழையும் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு தட்டுத்தடுமாறினால் அதைப் பள்ளி எப்போது கவனிக்கிறது? பெரும்பாலும் பத்தாம் வகுப்பில்தான். அதற்குள் நான்கு ஆண்டுகள் போய்விடுகின்றன. தேர்வு ஆண்டில் காட்டும் அக்கறையைத் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பள்ளியை முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும் என்பதுதான் ‘படிநிலைக் கற்றல் ஆதரவு’.

இது மூன்று படிகள் கொண்டது. முதற்படி, எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் நடக்கும் நல்ல பாடம். அது போதாதவர்களுக்கு இரண்டாம் படியில் சிறு குழுவாகச் சில வாரப் பயிற்சி. அதிலும் முன்னேறாத மிகச் சிலருக்கு மூன்றாம் படியில் தனிக் கவனம். அமெரிக்காவில் 2004-இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டத்தை ஒட்டி இந்த முறை பரவலானது. நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது.

தமிழகத்துக்கும் இது புதிதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பின்பு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் உதவி முழுதாக வேண்டிய குழு, ஓரளவு வேண்டிய குழு, சக மாணவர் துணையோடு படிக்கும் குழு, தானாகப் படிக்கும் குழு என்று பிள்ளைகள் பாய்களில் உட்கார்ந்தார்கள். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் தொடங்கிவைத்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. அதன் தொடர்ச்சி போல, ஆறாம் வகுப்பு முதல் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காக 2025-26 கல்வியாண்டில் ‘திறன்’ வந்தது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை வாங்கிக்கொள்ளும் நிலையில் பள்ளி இருக்கிறதா என்பதே என் கவலை.

முதல் சிக்கல் எண்ணிக்கை. நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்கு முதற்படியே போதும், பதினைந்து பேருக்கு இரண்டாவதும் ஐந்து பேருக்கு மூன்றாவதும் வேண்டியிருக்கும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் கணக்குப் போடும். கொரோனாவால் நீண்ட காலம் மூடிக்கிடந்த பள்ளிகள் திறந்த பிறகு எடுக்கப்பட்ட 2022 ‘அசர்’ கல்வி நிலை ஆய்வில், தமிழகக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தடுமாறும்போது யாரைப் பிரித்து எங்கே உட்கார வைப்பது? அங்கே முதலில் மாற வேண்டியது வகுப்புப் பாடம்தான்.

இரண்டாவது, பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடிப்பது. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்கிறோம். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. இன்னொன்று 26 என்கிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி. ஆனால் முதல் பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. பெரிய எண் எதுவோ அதிலிருந்து கழிப்பதுதான் விதி என்று அது நம்புகிறது. கடன் வாங்குவது புரியவே இல்லை. அதற்குக் குச்சிக் கட்டை அவிழ்த்துப் பத்தை ஒன்றுகளாக்கிக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12-இல் 7 போக எண்ணும்போது ஒன்று தவறிவிட்டது. அதற்கு இரண்டு நாள் மனக்கணக்குப் பயிற்சி போதும். வாசிப்பிலும் இப்படித்தான். ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் குறில் நெடில் குழம்பும் பிள்ளைக்கும், எழுத்தெல்லாம் தெரிந்தும் ஒவ்வொன்றாக உச்சரித்து வரி முடியும்போது பொருளைத் தவறவிடும் பிள்ளைக்கும் ஒரே மருந்து உதவாது. அடிப்படைத் தேர்வின் மதிப்பெண் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறினால் வேலை முடியாது. தவறின் வகை ஆசிரியரின் நோட்டில் ஏற வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு விடைத்தாள்களையே எடுத்துச் சென்று ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால், அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

மூன்றாவது, நேரம். பாதித் திட்டங்கள் இங்கேதான் கவிழ்கின்றன. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின், நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறையை அரசுப் பள்ளிகளில் சோதித்தபோது, உத்தராகண்டில் பயிற்சியும் புத்தகமும் கொடுத்தது மட்டும் பலன் தரவில்லை. ஹரியாணாவில் 2012-13-இல் பள்ளி நேரத்திலேயே தினம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கி, வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்து, மேற்பார்வை அலுவலர்களுக்கும் பயிற்சி கொடுத்தபோது பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஒரே பாடவேளையில் தமிழ் வாசிப்பை வைத்தால் போதும். பிள்ளைகள் நிலைக்கேற்ப அறை மாறி உட்காரலாம். கால அட்டவணையில் செய்யும் இந்தச் சின்ன மாற்றத்துக்குத் தனி நிதி வேண்டியதில்லை.

மாலை நாலு மணிக்கு மேல் வைத்தால் அணைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டாது. 2025-இல் இன்ஸ்டாகிராம் வீடியோவால் ஊரெல்லாம் தெரிந்துகொண்ட கூமாப்பட்டியையோ, வத்திராயிருப்பையோ தாண்டி ஊர் திரும்ப வேண்டியவர்களுக்குப் பஸ்தான் மணிக்கூண்டு. அத்திகோயில், செண்பகத்தோப்பு போன்ற பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் பெற்றோர் மலைக்குப் பொருள் சேகரிக்கப் போகும் நாட்களில் பிள்ளையும் கூடப் போவதுண்டு. அப்படி இரண்டு வாரம் விட்டுவிட்டு வருகிற பிள்ளையை ‘ஸ்லோ லேர்னர்’ என்று எழுதுவது பெரிய அநியாயம். அதற்குத் தவறியது பாடம், திறமையில் குறையில்லை. வந்த நாளிலிருந்து விட்டதைப் பிடிக்க ஓர் இடம் அட்டவணையில் முன்பே காலியாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படிக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியாததால் படிப்பு வராத பிள்ளைகள் இன்றும் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தொடக்க நிலையில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவை ஒட்டி, 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. நம் ஊர்களில் சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குச் சுற்றி வருபவர். அவர் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையின் நோட்டோடு காத்திருப்பார். சொல்லாமல் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதோடு சரி.

குழு பிரித்த மறுநாளே பிள்ளைகள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, குழு நிரந்தரமில்லை என்பதைக் கண்முன் காட்டுவது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வாசிக்கச் சொல்லி, தேறியவரை அன்றே அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும். யாருமே மாறவில்லையென்றால் பாடம் நடத்தும் விதத்தைப் பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவையும் இவைதான்: ஜூனில் யார் யார் எந்தக் குழுவில் இருந்தார்கள், ஆகஸ்டில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள், வராதவர்களுக்கு அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?