கச்சா ஒளிப்படக் கோப்பு

கச்சா ஒளிப்படக் கோப்பு அல்லது ரா கோப்பு என்பது எண்ணிம ஒளிப்படக்கருவியின் உணரி அளந்த தரவுகளைப் பெரும்பாலும் பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு ஆகும். உணரியின் ஒவ்வொரு புள்ளியும் பொதுவாகச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் மென்பொருள் கணித்து நிரப்பும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 நிலைகளே உண்டு. 14 பிட் கச்சாக் கோப்பில் 16,384 நிலைகள் வரை பதியலாம். எனவே நிழற்பகுதிகளையும் வெண்சமநிலையையும் பின்னர் திருத்துவது எளிது.

இணக்கச் சிக்கல்

நிக்கான் என்.ஈ.எஃப், கேனன் சி.ஆர்.2, சி.ஆர்.3, சோனி ஏ.ஆர்.டபிள்யூ என நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் வேறுபடும். கோப்பின் பின்னொட்டு ஒன்றாயினும், சுருக்கமுறையும் நிறப்பண்பும் கருவிக்குக் கருவி மாறலாம். ஆகவே பழைய மென்பொருளில் புதிய கருவியின் கோப்பு பெரும்பாலும் திறவாது. நிக்கான் டி2எக்ஸ் கருவி வெண்சமநிலைத் தரவை மறையாக்கம் செய்து பதிந்தது 2005 இல் சர்ச்சைக்குள்ளானது.

தீர்வுகள்

டேவ் காஃபின் 1997 இல் தொடங்கிய டிசிரா என்னும் திறமூல நிரல், பல நிறுவனங்களின் வடிவங்களைப் படிக்க வழிசெய்தது. லிப்ரா நிரலகம் அதன் அடிப்படையில் உருவானது.

அடோபி நிறுவனம் 2004 இல் டி.என்.ஜி என்னும் பொது வடிவத்தை வெளியிட்டது. அதன் இலவச மாற்றியால் புதிய கருவியின் கோப்புகளை டி.என்.ஜி ஆக்கிப் பழைய மென்பொருளிலும் திறக்கலாம். லைக்கா, பென்டாக்சு கருவிகள் பல நேரடியாகவே இவ்வடிவில் பதிகின்றன.

தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தினால் கோப்புகள் படிக்க இயலாதவையாகலாம். நெடுங்காலம் பேண விரும்புவோர் மூலக்கோப்புடன் டி.என்.ஜி அல்லது டிஃப் படியொன்றையும் வைத்திருத்தல் நன்று.