கல்லுக்காக எடுத்த பித்தப்பை

"கல் போய்விட்டது, இனி என்ன கவலை?" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காயத்தைக் காட்டப் போன அன்றுதான் மருத்துவர் திசுப் பரிசோதனை அறிக்கையை எடுத்தார். பித்தப்பையின் உட்சுவரில் சில உயிரணுக்கள் மாறியிருக்கின்றனவாம். "கேன்சரா டாக்டர்?" என்று கேட்டது என் கணவர். எனக்கு வாயே வரவில்லை.

புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. 'டிஸ்பிளேசியா' என்கிறார்கள். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும் சிறிய பைதான் பித்தப்பை. அதில் கல் பல ஆண்டுகள் கிடந்தால் உட்சுவர் அழற்சியுற்றே இருக்கும். அப்படி இருப்பவர்களில் மிகச் சிலருக்கு உயிரணுக்கள் உருமாறத் தொடங்குகின்றன. கல் உள்ள பெரும்பாலோருக்கு இது வருவதில்லை, பயந்துவிட வேண்டாம். ஆனால் இந்த மாற்றம் வலிக்காது. எனக்கு எடுத்த ஸ்கேனில் கல் மட்டுமே தெரிந்தது. மற்றதைக் காட்டியது நுண்ணோக்கி.

இதிலும் தரம் உண்டு. குறைந்த தரம் என்றால், பை முழுதாக வெளியே வந்துவிட்டதால் பெரும்பாலும் அதோடு சரி. என்னுடையது உயர்ந்த தரம். பரிசோதனைக்கூடத்தில் பத்திரப்படுத்தியிருந்த பித்தப்பையிலிருந்து இன்னும் பல துண்டுகள் எடுத்துப் பார்த்தார்கள். எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா, குழாயை வெட்டிய முனை சுத்தமாக இருக்கிறதா என்ற இரண்டும்தான் கேள்வி. நோய் தசை அடுக்குவரை ஊடுருவியிருந்தால், பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்ற இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர்.

பத்து நாள் காத்திருந்தேன். சமைத்தேன், பேரனைப் பள்ளிக்கு அனுப்பினேன், இரவில் மட்டும் தூக்கமில்லை. மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைப் பிறகுதான் சொன்னார்.

புற்றுநோய் இல்லை. முனையும் சுத்தம். வேறு சிகிச்சை தேவைப்படவில்லை.

நம்மவர்கள் எடுத்த கல்லைப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுகிறார்கள். அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. என் தோழி ஒருத்திக்குப் பித்தப்பை எடுத்து ஓராண்டாகிறது. என் கதையைக் கேட்ட பிறகுதான் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தாள். வெறும் அழற்சிதானாம்.

என் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.