திரும்ப வரும் பிழை: திருவிதாங்கூர் அஞ்சல்தலைகளை வாசித்தல்

செங்கோட்டையில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பத்திரங்களுக்கு நடுவே ஒரு கத்தைக் கடிதம் கிடைத்தது. எல்லா உறையிலும் சங்கு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம் ஜில்லாவில் இல்லை. திருவிதாங்கூர், கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. பக்கத்துத் தென்காசியோ பிரிட்டிஷ் இந்தியா. அங்கே தபால், இங்கே ‘அஞ்சல்’. சங்கு ஒட்டின கடிதம் பிரிட்டிஷ் தபாலில் செல்லாது. ஆக, இந்தச் சங்கு வெறும் படமல்ல. ஓர் அதிகாரத்தின் எல்லையைக் குறிக்கும் குறி.

எல்லாச் சங்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்றல்ல. பார்க்கவேண்டியது படத்தை அல்ல, பொருளை.

முதலில் காகிதம். 1888 அக்டோபர் 16இல் வந்த முதல் மூன்று தலைகள் (1, 2, 4 சக்கரம்) கோடோடிய காகிதத்தில் அச்சானவை. வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான வரிகள் தெரியும். பின்னால் வந்தவை வரியில்லாத காகிதம், உள்ளே சங்கு நீர்க்குறி. தலையைக் கறுப்புத் தட்டில் முகம் குப்புற வைத்து ஒரு சொட்டு பென்சின் விட்டால் நீர்க்குறி எழும்பும். அந்தச் சங்கும் காலத்துக்குக் காலம் வடிவம் மாறியிருக்கிறது. அடுத்தது துளை. இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்று எண்ணவேண்டும். பன்னிரண்டா, பன்னிரண்டரையா என்பதில் அச்சுத் தவணையே மாறிவிடும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. வெயிலும் தண்ணீரும் நிறத்தைத் தின்றுவிடும்.

துளையில்லாத ஒற்றைத் தலை ஒன்றை அபூர்வம் என்று நம்பி ஒரு வியாபாரியிடம் நானூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெரிய ஓரமுள்ள தலையைக் கத்தரியால் நறுக்கியிருக்கிறார்கள். அப்போதுதான் தெரிந்தது: துளையில்லாததை ஜோடியாகத்தான் வாங்கணும். இரண்டு தலைக்கு நடுவே இருக்கும் துளையை எந்தக் கத்தரியாலும் அழிக்கமுடியாது.

ஆனால் என்னை நிறுத்தியது மேலச்சு. 1911 முதல் சர்க்கார் கடிதங்களுக்கான தலைகளில் ‘ஆன் எஸ் எஸ்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். சிலவற்றில் ஓர் ‘எஸ்’ தலைகீழ். சட்டென்று தெரியாது, கவிழ்த்தாலும் அது ‘எஸ்’தான். மேல் வளைவு கீழ்வளைவைவிடப் பெரிதாக இருந்தால் கவிழ்ந்தது என்று அர்த்தம். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் எழுத்துக்கோர்த்த ஒரு பெரியவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். “ஈய எழுத்து உடம்புல ஒரு பள்ளம் இருக்கும்வே. வெரலு அதத் தேடிப் பிடிக்கணும். ராத்திரி வேலைன்னா வெரலுந் தூங்கிரும்” என்றார்.

நூறாண்டுக்குமுன் யாரோ ஒருவரின் தூங்கின விரல். விலைப்பட்டியல் அதற்கு விலை போடுகிறது, அந்த விரலுக்குரியவரைச் சொல்வதில்லை. அரசின் குறிக்குள் தொழிலாளி விட்டுப்போன கையொப்பம் அது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவசரப்படக்கூடாது. மை சிதறினது, காகிதம் மடிந்தது எல்லாம் ஒரு தாளோடு போய்விடும், அவை விபத்து. கோர்த்த அச்சிலேயே கவிழ்ந்த எழுத்தோ, யாரும் கவனித்துத் திருத்துகிறவரை ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் திரும்ப வரும். அதுதான் வகை. ஒற்றைத் தலையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. பல தாள்களை, குறைந்தது இடம் தெரிகிற துண்டுகளை, ஒப்பிட்டாகணும்.

பிரதிகளை வாசிக்கிற நமக்கு இது உறைக்கணும். ஒரு சொல் இடறினாலே ‘விரிசல்’ என்கிறோம், ஒரு மௌனத்தைக் கண்டதுமே ‘அரசியல்’ என்கிறோம். அது சிதறின மையாகவும் இருக்கலாம். திரும்ப வருகிறதா, அதே இடத்தில் வருகிறதா என்று கேட்காத வாசிப்பு, நான் நானூறு ரூபாய்க்கு வாங்கின தலை மாதிரி.

கேட்டுப் பார்ப்போம். 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்காகத் திருவிதாங்கூர் 1937இல் நான்கு தலைகள் வெளியிட்டது: 6 காசு, 12 காசு, ஒன்றரைச் சக்கரம், 3 சக்கரம். துளை அளவு, துளை விடுபட்டவை என்று இவற்றின் வகைகளையும் பட்டியல்கள் ஒழுங்காகக் குறிக்கின்றன. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். நிறம் மாறுகிறது, விலை மாறுகிறது, கோயில் மாறுகிறது. மகாராஜாவின் முகம் மாறவில்லை. 1924–25இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறைபோனவர்கள், கோயில் வாசலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவர்கள் – இவர்களில் ஒருவர் முகமும் நான்கில் எதிலும் இல்லை. பிரவேசம் என்று பேர், பிரவேசித்தவர் இல்லை.

இது சிதறின மை அல்ல. எல்லாத் தாளிலும், எல்லா விலையிலும், அதே இடத்தில் திரும்ப வருகிற இன்மை. இந்த வகைக்கு எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது.