வயிற்று நோய்க்கு யார் பில் கட்டுவது?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வயிற்று வலி என்றால் முதலில் ஓமத் தண்ணீர். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை. கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி. இப்படியே மாதங்கள் ஓடி, ஒருநாள் மலம் கறுப்பாகப் போகும். அல்லது வாந்தியில் ரத்தம் வரும். அதன் பிறகுதான் மதுரைக்கு வண்டி பிடிக்கிறார்கள். அங்கே எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், அட்மிஷன் என்று அடுத்தடுத்துச் சொல்லச் சொல்ல, கூட வந்தவர்களின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்?

பணம் வர வழி இருக்கிறது. ஆனால் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கிறவருக்கு ஒரு வழி, நூற்பாலைத் தொழிலாளிக்கு ஒரு வழி, சொந்தமாக பாலிசி எடுத்த கடைக்காரருக்கு இன்னொரு வழி. எது யாருக்கு, எங்கே பணம் நின்றுபோகிறது என்பதை நோய் வருமுன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதல்வர் காப்பீட்டு அட்டை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றானது. முன்பு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் சேர முடியும். 2022இல் அந்த வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. விசாரணை உண்டு. நோயாளி கட்டிலில் கிடக்கும்போது இதற்காக அலைவது பெரும் வேதனை. உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிட வேண்டிய அட்டை இது.

மருத்துவமனையில் நடப்பது என்ன? காப்பீட்டு மேசையில் அட்டை எண்ணைப் பதிந்து, டாக்டரின் குறிப்பையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் இன்னொரு டாக்டர் அதைப் பார்த்து ஒப்புதல் தருவார். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை என்றால் அதற்கென ஒரே தொகை; அதைத்தான் பேக்கேஜ் என்கிறார்கள். கட்டில், சாப்பாடு, மருந்து, ஆபரேஷன் எல்லாம் அதற்குள் அடக்கம். நோயாளி கூடுதலாக இரண்டு நாள் தங்கினாலும் அந்தத் தொகை ஏறாது. “பேக்கேஜ் கட்டுப்படியாகவில்லை” என்று சில தனியார் மருத்துவமனைகள் தனியே பணம் கேட்பது இந்த இடத்தில்தான். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு அப்படிக் கேட்பதற்கு இடமே இல்லை. கேட்டால் கட்டணமில்லாத 1800 425 3993 எண்ணில் புகார் சொல்லலாம்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சையே இலவசம், அங்கே எதற்கு அட்டை என்று கேட்பவர்கள் உண்டு. அட்டையைக் காட்டினால் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கு வரும்; கருவி வாங்கவும் வார்டைச் செம்மைப்படுத்தவும் உதவும். இரைப்பை குடல் நோய்க்கும் அதன் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனித் துறைகள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இருக்கின்றன. அங்கே காட்டும் அட்டை அடுத்து வரும் நோயாளிக்கும் பயன்படுகிறது.

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மற்ற காப்பீடுகளில் பெரும்பாலும் இல்லாத இரண்டு வசதிகள் இதில் இருக்கின்றன: வெளிநோயாளியாகப் போனாலும் மருந்து கிடைக்கும், சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. சிவகாசியிலும் மதுரையிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. அங்கே இல்லாத சிகிச்சைக்கு அவர்கள் சீட்டு எழுதி, ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் நேரே தனியாருக்குப் போய்விட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு நடையாய் நடப்பவர்கள்தான் அதிகம். சீட்டு முதலில், அட்மிஷன் பிறகு.

சொந்த பாலிசி: பணம் குறையும் இடங்கள்

தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருக்கிறது. சிறு வியாபாரிகளும் விவசாயிகளும் பாலிசி எடுக்க இது ஒரு தூண்டுதல். ஆனால் வயிற்று நோய்க்காரர்கள் கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்கள் உண்டு.

முதலாவது, காத்திருப்புக் காலம். குடலிறக்கம், மூலம், பௌத்திரம், பித்தப்பைக் கல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் முதல் 24 மாதம் பணம் கிடையாது. வலி வந்த பிறகு பாலிசி எடுத்துப் பயனில்லை.

இரண்டாவது, அறை வாடகை. 3 லட்ச ரூபாய் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வரம்பு இருக்கிறதென வையுங்கள். நீங்கள் 4,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் 1,000 ரூபாயோடு போகாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் முக்கால் பங்குதான் கிடைக்கும்; 80,000 ரூபாய்க்கு 60,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் மட்டும் இந்த வெட்டு பொருந்தாது. கையுறை, மாஸ்க், சான்றிதழ்க் கட்டணம் போன்ற 68 இனங்கள் கொண்ட தனிப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால் ஒழிய அவை நம் தலையில்தான் விழும்.

மூன்றாவது, மது. மதுப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்குமான சிகிச்சையைப் பாலிசியிலிருந்து விலக்க விதி இடம் தருகிறது. கல்லீரல் சுருக்க நோய் என்றதும் கிளெய்ம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இதைக் காட்டித்தான். ஆனால் எல்லாக் கல்லீரல் நோய்க்கும் மது காரணமல்ல. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும், சர்க்கரையோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும் அதே நிலைக்குக் கொண்டுபோகும். டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. அதே நேரம், பரிசோதனையில் தெரிந்த காரணம் டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, எண்டோஸ்கோப்பி. நோய் என்னவென்று கண்டறிய மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் வழக்கமான பாலிசி பணம் தராது. ஆனால் அந்தப் பரிசோதனையில் நோய் தெரிந்து, 30 நாளுக்குள் அதே நோய்க்கு அட்மிஷன் ஆனால், ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் முந்தைய செலவையும் சேர்த்துக் கேட்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் செலவையும் கேட்கலாம். இதைத் தெரியாமல் ஸ்கேன் பில்லையும் எண்டோஸ்கோப்பி பில்லையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுச் சீட்டும் பணம்.

இழுத்தடித்தால் என்ன செய்வது?

2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தந்த உத்தரவின்படி, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு. கிளெய்மை நிராகரித்தால் எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தர வேண்டும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

ஓய்வூதியர்களுக்கு ஒரு செய்தி. அவசரத்தில் சேர்ந்த மருத்துவமனை அரசுப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் மருத்துவச் செலவைத் தர மறுக்கக் கூடாது என்று, மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. விண்ணப்பத்தோடு இதையும் குறிப்பிடலாம்.

மாற வேண்டியது

வயிற்று நோய்களில் பல, சீக்கிரம் பார்த்தால் குறைந்த செலவில் முடிபவை. குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வார மாத்திரையில் தீரக்கூடிய அந்தப் புண், விட்டால் ரத்தப்போக்கில் கொண்டுவிடும். பெருங்குடலில் வரும் சிறு கட்டியைக் கொலனோஸ்கோப்பியிலேயே எடுத்துவிட்டால் அது புற்றாக மாறாது.

அமெரிக்காவில் 45 வயது தாண்டியவர்களின் கொலனோஸ்கோப்பிப் பரிசோதனைக்கு இன்சூரன்ஸே பணம் தருகிறது. அந்த பில்களுக்கான குறியீடுகளை மதுரையிலும் சென்னையிலும் உட்கார்ந்து பதிபவர்கள், மெடிக்கல் கோடிங் படித்த நம் பிள்ளைகள். அவர்களின் பெற்றோருக்கோ இங்கே படுக்கையில் விழுந்தால்தான் காப்பீட்டுப் பணம்.

நம் அரசுத் திட்டத்தில் கண்டறியும் பரிசோதனைகளுக்கென்றே 52 இனங்கள் தனியாக உண்டு. டாக்டர் எழுதிய பரிசோதனை அதில் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்பது நம் உரிமை. அந்தத் தகவலைத் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சொல்ல ஏற்பாடு வேண்டும். இந்தியாவில் பின்தங்கியவை எனக் கண்டு சிறப்புக் கவனத்துக்கு எடுக்கப்பட்ட மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டுதான்: விருதுநகர், ராமநாதபுரம். அந்தக் கவனம் கறுத்த மலத்தோடு மதுரைக்கு ஓடும் நாளில் தொடங்கினால் போதாது. வயிற்றெரிச்சலோடு முதல் தடவை சுகாதார நிலைய வாசலுக்கு வருகிறவருக்கே, இலவசமாகவோ காப்பீட்டிலோ, எண்டோஸ்கோப்பி கிடைக்க வேண்டும். மானாவாரி விவசாயியால் கடன் வாங்காமல் செய்துகொள்ள முடிந்த ஒரே வைத்தியம் அதுதான்.