கதிரின் கணக்கைப் பார்க்கும் தட்டு

கதிர்ச் சிகிச்சை என்றதும் எம் பெண்கள் பலர் கேட்பது, "உடம்பு எரிந்துவிடுமோ?" என்பதைத்தான். இன்னொரு கேள்வி மனதுக்குள்ளேயே நின்றுவிடுகிறது: "அளவு கூடிக் குறைந்தால் யாருக்குத் தெரியும்?"

இது நியாயமான கேள்வி. கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்காது. கூடினால் நல்ல உறுப்புகள் பழுதாகும். குறைந்தால் நோய் திரும்பலாம். 2005இல் நியூயோர்க்கில் ஒரு நோயாளிக்கு, கதிரை மறைக்க வேண்டிய உலோகத் தகடுகள் திறந்தபடியே மூன்று நாட்கள் சிகிச்சை நடந்தது. அளவுச் சோதனை அதன் பின்னரே செய்யப்பட்டது. அவர் 2007இல் இறந்தார்.

மார்பகத்துக்கு வழமையாக 50 கிரே அளவை 25 தடவைகளாகவோ, 40 கிரே அளவை 15 தடவைகளாகவோ பிரித்துக் கொடுப்பார்கள். 'கிரே' என்பது கதிரை அளக்கும் அலகு. 'லினாக்' எனும் நேர்கோட்டு ஆர்முடுக்கிகள் பலவற்றில், கதிர் வரும் தலைக்கு எதிர்ப்புறம் ஓர் இலத்திரனியல் படத்தட்டு உண்டு. உடலை ஊடுருவி வெளியேறும் கதிர் அதில் விழும். விழுந்த அளவையும் திட்டப்படி விழ வேண்டிய அளவையும் கணினி ஒப்பிடும். வித்தியாசம் பெரிதென்றால் சிகிச்சைக் குழு காரணத்தைத் தேடும். நோயாளி இல்லாமல், சிகிச்சைக்கு முன்னரும் இப்படிச் சோதிக்கலாம்.

தட்டு அருகே வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது கதிரை வாங்குமே தவிர, கொடுக்காது. சிகிச்சைக் கதிரையே அளப்பதால் இந்த அளவீட்டுக்கென மேலதிகக் கதிரும் படாது.

நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவகத்தில் 2005 முதல் 2009 வரை 4,337 சிகிச்சைகளை இத்தட்டினால் சரிபார்த்தார்கள். 17 பாரிய பிழைகள் பிடிபட்டன. அவற்றில் 9, சிகிச்சைக்கு முந்திய சோதனையில் தெரிந்திருக்காதவை. நோயாளியின் உடலில் ஏற்பட்ட மாற்றமும் காரணங்களில் ஒன்று.

எங்கள் பெண்களைப் பொறுத்தவரை இது முக்கியமான இடம். சிகிச்சைக்குப் போகவிருந்த ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, தோளுக்குள்ளை ஷெல் துண்டு கிடக்குது. சொன்னால் எங்கை பட்டது, எப்ப பட்டது எண்டு விசாரிப்பினம். சொல்லாமல் விடுவமோ?"

"கட்டாயம் சொல்லுங்கோ அக்கா. அவைக்குத் தெரிய வேண்டியது இரும்பு எந்த இடத்திலை இருக்கு எண்டதுதான்" என்றேன்.

கதிர் போகும் வழியில் உலோகம் இருந்தால் அளவுக் கணக்கு மாறலாம். எம்.ஆர்.ஐ. காந்தமும் சில உலோகத் துண்டுகளை அசைக்கக்கூடும். ஆகவே ஷெல் துண்டு, சன்னம், எலும்புக்கு வைத்த தகடு எது இருந்தாலும் முதல் நாளே சொல்லுங்கள். இடையில் உடல் மெலிந்தாலோ, மார்பு வீங்கினாலோ, கையை உயர்த்திப் படுக்க முடியாவிட்டாலோ அன்றே சொல்லுங்கள்.

எல்லா இயந்திரத்திலும் இந்தத் தட்டு இல்லை. பழைய கோபால்ட் இயந்திரங்களில் தோலின் மேல் சிறிய அளவிகளை வைத்தும் பார்க்கலாம். "எனக்கு வரும் கதிரின் அளவை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. சோதனைக்காக ஒரு நாள் காக்க வைத்தால் கோபித்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். அந்த ஒரு நாள் உங்கள் பாதுகாப்புக்கானது.